கூலிக்கு ஓடிய கால்கள்



1896 ஏப்ரலில் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அதில் மாரத்தான் ஓட வேண்டும் என்று இத்தாலியிலிருந்து கார்லோ ஐரோல்டி என்பவர் வந்து சேர்ந்தார். மிலானில் புறப்பட்டவர் வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்திருந்தார். நடுவில் ஒரு பகுதி கப்பல். அப்படி வந்தவரை அதிகாரிகள் ஓட விடவில்லை. முந்தைய ஆண்டு மிலானிலிருந்து பார்சிலோனா வரை நடந்த ஒரு நெடும்பந்தயத்தில் ஜெயித்துப் பரிசுப் பணம் வாங்கியிருந்தாராம். பணத்துக்கு ஓடியவன் தொழில்காரன். தொழில்காரனுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. அத்தனை தூரம் வந்த மனிதர் வேடிக்கை பார்ப்பவராக நிற்க வேண்டியதாயிற்று.

சரி, அந்த மாரத்தான் யார் நினைவாக ஏற்பட்டது? ஃபெய்டிப்பிடிஸ் என்ற ஓட்டத்தூதர் நினைவாக. கி.மு. 490இல் பாரசீகப் படை மாரத்தான் கரையில் இறங்கியபோது, ஸ்பார்ட்டாவிடம் உதவி கேட்டு வர ஏதென்ஸ் அவரை அனுப்பியது. தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கிளம்பிய மறுநாளே போய்ச் சேர்ந்தார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடி வந்து வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு உயிரை விட்டார் என்ற கதை ஹெரோடோட்டஸிடம் கிடையாது. அது பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் எழுதியது. அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சு மொழியறிஞர், ஜெயிப்பவருக்கு வெள்ளிக் கோப்பை தருகிறேன் என்று சொல்லி மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்க்க வைத்தார். கதையில் எது உண்மையானாலும் அந்த மனிதரின் பிழைப்பு எது என்பதில் ஐயமில்லை. ஓடிப்போய்ச் செய்தி சொல்வதே அவர் தொழில் என்று ஹெரோடோட்டஸே குறிப்பிடுகிறார். அப்படியானால், செய்தி சுமந்து ஓடிய ஒரு தொழில்காரர் பேரால் பந்தயம் வைத்துவிட்டு, பிழைப்புக்காக ஓடுகிறவர்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதைப் பாடாலூரில் பேசுவதற்கும் காரணம் உண்டு.

திருச்சி – சென்னைச் சாலையில் உங்கள் ஊர் இருக்கிறது. இன்று நான்குவழிச் சாலை. ஆம்னி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு இந்த ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 18ஆம் நூற்றாண்டிலும் இந்தப் பக்கம் பெரிய தடம் ஒன்று ஓடியது. கர்நாடகப் போர்களின் வரலாற்றைப் படித்தால் வாலிகண்டபுரம், ஊட்டத்தூர், சமயபுரம், ஸ்ரீரங்கம் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் வரிசையாக வரும். 1751இல் வாலிகண்டபுரத்தில் நிற்க முடியாத ஆங்கிலேயப் படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் வடக்கிலிருந்து ஊட்டத்தூர் வரை வந்து, திரும்பிப் போய், வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்தார்.

படை போன தடத்தில், படைக்கு முன்னால் செய்தி போயிற்று. எதிரி எங்கே தங்கினான், எத்தனை பீரங்கி வைத்திருக்கிறான், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதையெல்லாம் சுமந்து ஓடியவர்கள் ஹர்க்காராக்கள். கிளைவின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தொத்தேயின் பெயர்கூடக் கிடைக்கிறது. சேதி சுமந்தவனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தியாவில் ஓட்டத் தபால் எப்படி நடந்தது என்று விரிவாக எழுதியவர்களில் இபின் பதூதா முக்கியமானவர். 1330களில் டெல்லி வந்தவர், பின்னாளில் மதுரைச் சுல்தான்கள் காலத்தில் நம் பக்கமும் வந்தார். ஒவ்வொரு மைலையும் மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு சாவடி இருந்தது என்கிறார். சாவடியில் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். ஓடி வருபவன் ஒரு கையில் கடிதமும், மறு கையில் இரண்டு முழக் கோலும் வைத்திருப்பான். கோலின் நுனியில் செம்பு மணிகள். மணிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே அடுத்தவன் எழுந்துவிடுவான்; கை மாறும், கால் மாறும், கடிதம் நிற்காது. இது குதிரைத் தபாலைவிட வேகமானது என்று பதூதா அடித்துச் சொல்கிறார். சிந்துவிலிருந்து டெல்லிக்கு 50 நாள் பயணம். தபால் வழியே சேதி 5 நாளில் போய்விடுமாம். குராசானிலிருந்து வந்த பழங்களும், தௌலதாபாத்தில் தங்கியிருந்த டெல்லிச் சுல்தான் குடிக்கக் கங்கைத் தண்ணீரும் இப்படி ஆள்மாற்றி ஓடி வந்திருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் நான் வியப்பது ஒரு தனி ஆளின் வேகத்தை அல்ல. மூன்றில் ஒரு பங்கு மைலை விரைவாக ஓடிவிட ஓரளவு உடல்கட்டுள்ள யாராலும் முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான பேர், இரவும் பகலும், ஒருவர்கூடத் தூங்கிவிடாமல் ஓடிய ஒரே ஓட்டம் அது. இதை ஒரு பந்தயமாக எண்ணிப் பார்த்தால், இதற்கு இணையான தொடர் ஓட்டம் எந்த மைதானத்திலும் நடந்ததில்லை.

கம்பெனி ஆட்சியில் மைல்கணக்கு மாறியது. சென்னைப் பொதுத் தபால் நிலையம் 1786 ஜூன் 1 அன்று தொடங்கியது. வடக்கே கஞ்சம் வரை ஒரு கிளை, தெற்கே அஞ்செங்கோ வரை ஒன்று, மேற்கே வேலூர் வரை ஒன்று. அன்று ரயில் கிடையாது, சாலைகளில் பாதி மாட்டுவண்டிக்கே லாயக்கில்லாதவை. ஆகவே தபால் என்றாலே கால்தான். ஒரு ரன்னருக்கு ஆறேழு மைல் ஒரு கட்டம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈட்டியிலோ கோலிலோ சலங்கை கட்டிக்கொண்டு, அடுத்த கட்டம் வரை ஓட வேண்டும். அங்கே எதிர்ப்பக்கத்துப் பையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓட வேண்டும். திருச்சியிலிருந்து வாலிகண்டபுரம் வரை கணக்குப் போட்டால், ஏழு ஆட்களாவது கை மாறியிருக்க வேண்டும்.

அந்தத் தடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு எட்டிலும் மண் காலோடு வரும். பத்து எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு சேர் மண் இருக்கும். சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, விளிம்பு கத்தியாகக் கிழிக்கும். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. வெள்ளம் வந்தால் பரிசல்காரர் மனம் வைக்க வேண்டும். இருட்டு வழியில், காட்டு வழியில் பந்தம் பிடிப்பவனும் கொட்டுத் தட்டுபவனும் கூடவே ஓடியிருக்கிறார்கள். சலங்கை எதற்கு என்றால், பாம்பையும் விலங்கையும் விலக்க ஒரு பக்கம்; அடுத்த கட்டத்துக்காரனை எழுப்ப மறுபக்கம். பை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கூடவே ஒரு சீட்டு போகும். தாமதமானால் கூலியில் பிடித்தம்.

ஓடிய நேரத்தை அதிகாரப்பூர்வமாகக் குறித்து, பிந்தியவனைத் தண்டித்து, அதையே ஆண்டு முழுக்க நடத்தினார்கள். ஒரு பந்தயத்துக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருந்தன. கூட்டமும் கோப்பையும்தான் இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே பிரிட்டிஷ் தபாலோடு சமஸ்தானத்தின் சொந்த ‘அஞ்சல்’ துறையும் இருந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரரை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். அந்தத் துறை இந்தியத் தபாலோடு சேர்ந்தது 1951இல்தான். பிரிட்டிஷ் இந்தியத் தபாலிலோ, ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், 1937இல் வெளியான இரண்டணா தபால்தலையில் ஒரு தபால் ரன்னர் ஓடிக்கொண்டிருக்கிறார். அன்று ஓட்டக்காரருக்குக் கிடைத்த அரசு மரியாதை அது. அந்தத் தலையிலும் ஓட்டக்காரருக்குப் பெயர் இல்லை.

நம் தபால் ரன்னர்கள் ஓடிய காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது?

அங்கேயும் தொடக்கம் கூலி ஓட்டம்தான். பிரபுக்களின் கோச்சு வண்டிக்கு முன்னால் ஓடுவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்கள். சாலைகள் சீரடைந்து வண்டி வேகமெடுத்ததும் அந்த வேலை போயிற்று. பிரபுக்களுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டுமே. என் ஆள் உன் ஆளைவிட நன்றாக ஓடுவான் என்று பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். 1773இல் ஃபாஸ்டர் பவல் என்ற வக்கீல் குமாஸ்தா லண்டனிலிருந்து யார்க் வரை போய்த் திரும்பினார்: ஏறத்தாழ 400 மைல், ஆறு நாளுக்குள். ஊரெங்கும் பேச்சானது. ஆனால் பணம் பந்தயம் கட்டியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பவல் 1793இல் வறுமையில் இறந்தார்.

அடுத்தவர் கேப்டன் பார்க்ளே. ஸ்காட்லாந்து நிலக்கிழார். 1809 ஜூன் 1 தொடங்கி ஜூலை 12 வரை நியூமார்க்கெட்டில் 1000 மணி நேரத்தில் 1000 மைல் நடந்தார். பந்தயத் தொகை 1000 கினி. மணிக்கு ஒரு மைல்தானே, எங்கள் ஊர்க் கிழவியே நடப்பாள் என்று தோன்றும். ஆனால் நிபந்தனை பொல்லாதது. ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் ஒரு மைல் நடந்தாக வேண்டும், நடுராத்திரியிலும். ஒரு மணியின் கடைசியில் ஒரு மைல், அடுத்த மணியின் தொடக்கத்திலேயே ஒரு மைல் என்று சேர்த்து நடந்தாலும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்க முடியாது. இப்படி 42 நாள். கடைசி நாட்களில் கூட்டம் நெரிந்து, வழியைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். இவர் நிலக்கிழார் என்பதால் இவரைத் தொழில்காரர் என்று யாரும் ஒதுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பெரும் வியாபாரமாயிற்று. 1861இல் அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன், லிங்கன் தேர்தலில் தோற்பார் என்று பந்தயம் கட்டித் தோற்று, பதவியேற்பு விழாவுக்குப் பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே போனார். 478 மைல், 10 நாள் 10 மணி நேரம். பதவியேற்பு சில மணி நேரத்தில் கை நழுவியது. இரவு விருந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய புகழ் ஆறுநாள் பந்தயங்களுக்கு வழி திறந்தது. ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை கேளிக்கை கூடாது. திங்கள் விடியற்காலை தொடங்கிச் சனி இரவு வரை மண்டபத்துக்குள் வட்டமடிப்பார்கள். ஓட்டமும் நடையுமாக, எப்படி வேண்டுமானாலும் போகலாம். தடத்தோரம் ஆளுக்கொரு சிறு கூடாரம். அங்கே சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து மறுபடி ஓட்டம். லண்டனில் இஸ்லிங்டன் மண்டபம், நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன், இரண்டிலும் சுருட்டுப் புகையோடு கூட்டம் முண்டியடித்தது. ஹைதியில் பிறந்த கறுப்பினத்தவர் ஃபிராங்க் ஹார்ட், 1880இல் 565 மைல் ஓடி வென்றார். ஷெஃபீல்டுக்காரர் ஜார்ஜ் லிட்டில்வுட் 1888இல் ஆறு நாளில் 623 மைலுக்கு மேல் கடந்தார். அது ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். அந்தச் சாதனையை 96 ஆண்டு யாரும் தாண்டவில்லை. 1984இல் கிரேக்கர் யானிஸ் கூரோஸ் வந்துதான் முறியடித்தார். புரதப் பொடியும் பஞ்சு வைத்த காலணியும் இல்லாத காலத்து மனிதனை எட்டிப் பிடிக்க நமக்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

மென்சன் எர்ன்ஸ்ட் என்ற நார்வேக்காரரையும் சொல்லிவிட வேண்டும், இந்தியா சம்பந்தப்பட்டவர் என்பதால். 1836இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கல்கத்தாவுக்கு ஓடிப் போய் 59 நாளில் திரும்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் அளவில் வருகிறது. வழியில் பாலைவனங்கள், ஆறுகள், மொழி தெரியாத நாடுகள். எனக்கு நம்பிக்கையில்லை. ஐரோப்பியன் ஒருவன் ஓடினான் என்றால் 59 நாள் கணக்கு புத்தகமாகிறது. அவன் ஓடியதாகச் சொல்லப்படும் அதே நாட்டில், ஆண்டுதோறும் 365 நாளும் ஓடியவர்களைப் பற்றிப் புத்தகம் இல்லை.

பணம் புழங்கிய இடத்தில் சூதாட்டமும் புகுந்தது, ஏமாற்றும் புகுந்தது. 1890களில் சைக்கிள் வந்து கூட்டத்தைப் பறித்துக்கொண்டது. இதற்கிடையில் இங்கிலாந்தின் கனவான்கள் வேறொரு வேலை செய்திருந்தார்கள். 1860களில் தடகளச் சங்கம் அமைத்து, பரிசுப் பணம் வாங்கியவன் சேரக்கூடாது என்றதோடு நிற்காமல், கூலிக்கு உழைக்கும் கைவினைஞனும் தொழிலாளியும்கூடச் சேரக்கூடாது என்று விதி எழுதினார்கள். ஓட்டப் பணம் வாங்காவிட்டாலும், உடலுழைப்பில் பிழைப்பதே குற்றமாயிற்று. காரணம் எளிது. மூட்டை தூக்குபவனோடு ஓடினால் கனவான் தோற்பான். 1880இல் புதுச் சங்கம் வந்து இந்தத் தொழிலாளி விலக்கை நீக்கியது. பணம் வாங்கியவன் விலக்கு மட்டும் தொடர்ந்தது. அந்தத் தடையில்தான் ஐரோல்டி ஏதென்ஸில் இடறி விழுந்தார். மாரத்தானில் வென்ற ஸ்பைரிடன் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். தண்ணீருக்குக் காசு வாங்கலாம், ஓட்டத்துக்கு வாங்கக்கூடாது. இந்த விதியின்படி பார்த்தால் நம் தபால் ரன்னர் ஒருவர் கப்பலேறிப் போயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஓடுவதற்கே சம்பளம் வாங்கியவர் அல்லவா!

விதிக்கு உள்ளே இருந்தவர்களை வைத்துத்தான் இந்தியா ஒலிம்பிக்குக்குப் போனது. 1919இல் புனே டெக்கான் ஜிம்கானாவில் நடந்த போட்டிகளைத் தோராப்ஜி டாடா பார்த்தார். ஏறத்தாழ 25 மைல் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடிய விவசாயிகளின் நேரம் ஐரோப்பிய நேரத்தோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார். பயிற்சியாளரும் இல்லை, விதிமுறையும் தெரியாது. கரடுமுரடான சாலையில் ஓடிப் பழகிய கால்கள் மட்டும் இருந்தன. அடுத்த ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு டாடா முயற்சியில் ஒரு சிறு குழு போயிற்று. பெல்காம் பக்கத்து பாடெப்பா சௌகுலே மாரத்தானில் 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் ஓடி 19ஆம் இடம் பெற்றார். அந்நியத் தடத்தில் ஓடியவருக்கு இது எளிய காரியமில்லை. 19ஆம் இடம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை நான் ஒப்பமாட்டேன்.

புனேயில் டாடா பார்த்த ஓட்டக்காரர்கள் வந்தது வயலிலிருந்து. அவர்களைப் போன்றவர்கள் இந்தியா முழுவதும் தபால் பையோடும் பல்லக்கோடும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடத் தெரிந்தவர்களின் பெருங்கூட்டம் இங்கே இருந்தும், நெடுந்தூர ஓட்டத்தில் நாம் பின்தங்கியதற்கு உடல்வாகு, உணவு, வெயில் என்று காரணம் சொல்கிறார்கள். என் தீர்ப்பு வேறு. ஓடியவர்களை நாம் ஓட்டக்காரர்களாக எண்ணியதே இல்லை. வேலைக்காரர்களாகத்தான் எண்ணினோம். கோயில் திருவிழாவில் இளவட்டக்கல் தூக்கியவனுக்கு வேட்டி துண்டு போர்த்தினோம். காளை அடக்கியவனை ஊர்வலம் அழைத்துப் போனோம். தினமும் பன்னிரண்டு மைல் ஓடியவனுக்கு, பை தாமதமானால் பிடித்தம் போட்டோம். இத்தனைக்கும் இந்த ஊர்ப் பூமலையில் நாம் சஞ்சீவிராயர் என்று கும்பிடும் அனுமனே சேதியும் மருந்தும் சுமந்து ஓடியவர்தான்.

நிலைமை இன்று மாறிவிட்டதா? விடியற்காலை நாலரை மணிக்கு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் வந்து பாருங்கள். இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். வெங்காயக் காட்டில் பகலெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு, அடுத்த நாள் விடியுமுன் வந்து ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். பதக்கம் அவர்கள் மனத்தில் இல்லை, வேலை இருக்கிறது. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. கூலிக்கு ஓடுவது இந்த மண்ணின் மிகப் பழைய ஓட்டம். வேலை கிடைத்ததும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். அவர்களுக்குள் ஒரு பத்தாயிரம் மீட்டர்க்காரர் இருக்கிறாரா என்று யாரும் நேரம் எடுத்துப் பார்ப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து கோ. லட்சுமணன் 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இந்த மண்ணிலும் அப்படிப்பட்ட கால்கள் உண்டு.

இந்த அவையில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆண்டுதோறும் மாரத்தான் என்ற பேரில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டு, சட்டை கொடுத்துப் படம் பிடிப்பதை விட்டு, வாலிகண்டபுரத்திலிருந்து ஊட்டத்தூர் வழியாகச் சமயபுரம் வரை பழைய தபால் முறைப்படி ஒரு தொடர் ஓட்டம் நடத்துங்கள். ஆளுக்கு ஆறேழு மைல், கையில் சலங்கைக் கோல், நேரச் சீட்டு. பரிசைப் பணமாகவே கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆவணங்கள் இருக்கின்றன. கல்லூரிக் கடிதத்தோடு போய்த் தபால் சம்பந்தமான கோப்புகளைக் கேட்டுப் படியுங்கள். சம்பளப் பட்டியலிலாவது சில பெயர்கள் அகப்படலாம். உங்கள் வீட்டிலேயே தாத்தாவோ பூட்டனாரோ தபால் ரன்னராக இருந்திருந்தால், அவர் வைத்திருந்த கோல், சலங்கை, வில்லை, உத்தரவுச் சீட்டு எதுவாக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் பெயரையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை ஓடினார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.